வண்டிச் சாவியும் மனசாட்சியும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சூழலைக் கெடுக்காத பயணத்துக்கு மக்களை மாற்றுவது மனசாட்சியா, ஏற்பாடா? ஏற்பாடே, அதாவது கட்டணமும் வசதியும்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஸ்வீடனைக் காட்டினார். விமானம் ஏறவே அங்கே கூச்சப்பட்டார்கள், அந்த நாட்டுச் சூழல் போராளி கிரெட்டா துன்பர்க் 2019இல் பாய்மரப் படகிலேயே அட்லாண்டிக்கைக் கடந்தார், எல்லாம் மனசாட்சி என்றார். நானும் கைதட்டினேன். வாசலில் நிற்கிற கார்கள் யாருடையவை என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் எங்கள் அணித் தலைவரும் மாட்டிக்கொள்வார்.

அதே ஸ்வீடனுக்கே போவோம். அதன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை, நகர மையத்துக்குள் கார் போனாலும் வந்தாலும் கட்டணம் என்று சோதனை பார்த்தார்கள். அதற்கு முன் ஊரில் பெரும்பாலோருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. சோதனை முடிந்து கட்டணத்தை நிறுத்தியதும் நெரிசல் மறுபடி ஏறியது! ஜூலையில் இருந்த மனசாட்சி ஆகஸ்டில் எங்கே போயிற்று நடுவர் அவர்களே? செப்டம்பரில் வாக்கெடுப்பு. எதிர்த்த அதே ஊர், பெரும்பான்மையாக 'வேண்டும்' என்றது. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமாயிற்று. பழக்கம் முதலில் மாறியது, கருத்து பின்னால் வந்து சேர்ந்தது.

ஏன் இப்படி? தினசரிப் பயணத்தை நாம் யோசித்துச் செய்வதே இல்லை. காலையில் கை தானாகக் கதவோர ஆணிக்குப் போகிறது, சாவியை எடுக்கிறது, வண்டி தெருமுனை தாண்டிவிடுகிறது. பஸ் என்றால்தான் மூளை விழிக்கிறது: 29சி எப்போ வரும், ஏற இடம் இருக்குமா, சில்லறை இருக்கா?

இந்தப் பழக்கத்தை எது உலுக்கும்? 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம். பல நிலையங்கள் மூடியதால் ஜனங்கள் வேறு வழி தேடினார்கள். ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் புது வழியிலேயே தொடர்ந்தார்கள். அவர்களுக்கு யாரும் பிரசங்கம் செய்யவில்லை. பூட்டிய கதவு செய்த வேலை அது.

'அப்போ விழிப்புணர்வே வேண்டாமா' என்பார் சகோதரி. வேண்டும், ஓட்டுப் போடும்போது வேண்டும். காலை எட்டரை மணிக்கு அது உதவாது.

நம் ஊருக்கு வாருங்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசு இல்லை, பயணம் இலவசம். சென்னை நிறுத்தத்தில் நின்று பாருங்கள்: டீலக்ஸ் வந்தால் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டாமல், அந்த இலவச 'வெள்ளை போர்டு' பஸ்ஸுக்காகக் காத்திருப்பார் ஓர் அக்கா. அவரிடம் போய்ப் புவி வெப்பமாதல் பற்றி எதிரணி பேசட்டும்.

'தள்ளி நில்லுப்பா, பஸ் வருது' என்பார். நன்றி, வணக்கம்.