48 பிரேம் நடை

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தை நிறைத்திருக்கும் அம்மா, அய்யா எல்லாருக்கும் வணக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குச் சினிமாவை அலசி விமர்சனம் எழுதக் கற்றுத்தருவது தேவையா, நேர விரயமா என்பது தலைப்பு. தேவை என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் சொன்னார்: "ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சை நெருங்குது. படம் பார்த்தே பிள்ளைங்க கெட்டுப்போறாங்க, அதுக்குப் பாடம் வேறயா?" அண்ணா, கெடுப்பது எது என்று அவர்களுக்கே கண்டுபிடிக்கத் தெரிய வேண்டாமா?

என் டியூஷனுக்கு ஒரு பையன் வருகிறான், படிவம் நான்கு. செம்பனைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள் என் டீ ஆறிவிடும், அப்படி ஒரு நடை! எல்லாம் படத்தில் பார்த்தது. ஒருநாள் உட்காரவைத்துச் சொன்னேன்: "தம்பி, சினிமாவில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படம், ஓடும். நொடிக்கு 48 எடுத்து, 24 வேகத்தில் ஓட்டினால் ஒரு நொடி நடை இரண்டு நொடியாகிவிடும். கேமராவைக் கீழே வைத்து மேல்நோக்கிப் பிடி, பின்னால் இசையைப் போடு. சரி, இப்போது நடந்தது யார்?"

அடுத்த வாரம் விமர்சனத்தில் எழுதிவந்தான்: "ஹீரோ கெத்தாக நடக்கவில்லை. நடந்ததைக் கெத்தாக ஆக்கியிருக்கிறார்கள்."

நடை மாறியதா என்று கேட்காதீர்கள், மாறவில்லை. ஆனால் இப்போது நடக்கும்போது அவனுக்கே சிரிப்பு வருகிறது.

முதலில் எல்லாரும் கதையைத்தான் எழுதி வந்தார்கள், கிளைமாக்ஸ் உட்பட. கதை நான்கு வரிக்கு மேல் கூடாது, 'சூப்பர்', 'மொக்கை' இரண்டுக்கும் தடை என்றேன். எந்தக் காட்சி, ஏன் பிடித்தது, அதை எழுது. அண்ணன் பயப்படும் எஸ்பிஎம் கட்டுரைக்கும் இந்தப் பழக்கம்தானே வேண்டும்?

2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி நம் நாட்டுத் தமிழ்ப் படம் 'ஜகாட்' வந்தது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தின் கதை. கெட்டவன் என்பதற்கு மலாயிலிருந்து நாம் எடுத்துப் பேசும் சொல்லே தலைப்பு. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது. அதைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளை ஒன்று தமிழில் எழுதி நான் பார்த்ததில்லை. சென்னைப் படத்துக்கு முதல் நாள் டிக்கெட் தேடி ஈப்போ வரை போகிறோம், நம் கதைக்கு நாலு வரி இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவர் கொஞ்சம் மெதுவாகவே மேடையேறட்டும். கேமராவைக் கீழே வைத்துக் காத்திருக்கிறோம்.