வெள்ளந்திப் பையனை வாழவைத்தது வெள்ளை மனமே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குடியாத்தம் பெருமக்களே, வணக்கம். கதையில் வரும் வெள்ளந்திப் பையனுக்கு வாழ்வு தந்தது அதிர்ஷ்டமா, கள்ளமற்ற மனமா என்பது தலைப்பு. மனமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டிய கதையையே நானும் எடுத்துக்கொள்கிறேன். ராஜாவிடம் பாட்டுச் சொன்னால் பரிசு கிடைக்கும் என்று தாய் அனுப்பி வைக்க, எழுத்தறியாத அந்தப் பையன், நம் ஊர் வழியில் வைத்துச் சொன்னால், பள்ளிகொண்டா தாண்டிப் பாலாற்றங்கரையோடு நடக்கிறான். வரப்பில் ஒரு பெருச்சாளி, முன்னங்கால்களால் மண்ணைப் பின்னே வாரி இறைத்தபடி வளை பறிக்கிறது. நின்று பார்க்கிறான், "தோண்டுது பார், மண்ணைத் தோண்டுது பார்" என்று முதலடி பிறக்கிறது. ஓணான் புதரிலிருந்து தலை நீட்ட, "எட்டி எட்டிப் பார்க்குது பார்" என்பது இரண்டாமடி. முயலைக் கண்டு "பதுங்குது பார்", நரியைக் கண்டு "ஓடுது பார்", அவ்வளவுதான் பாட்டு. அதைக் கேட்டு அரசவையே வயிறு வலிக்கச் சிரிக்கிறது. ஆனால் ராஜாவின் நாவில் அது ஒட்டிக்கொள்கிறது. அன்றிரவு உறக்கம் வராமல் அவர் அதை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க, கஜானாச் சுவரில் கன்னம் வைத்த திருடர்கள் முதலடியில் கடப்பாரையை நிறுத்துகிறார்கள். எட்டிப் பார்த்தவன் இரண்டாமடியில் வெலவெலத்துப் போகிறான். பதுங்கினால் அதற்கும் ஓர் அடி இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் "ஓடுது பார்" என்ற குரல் துரத்த, காவலர் கையில் போய் விழுகிறார்கள்.

திருடர்கள் அதே இரவில் வந்தது அதிர்ஷ்டமே என்கிறது எதிரணி. வந்தது தற்செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களைப் பிடித்துக் கொடுத்தது எது? பெருச்சாளியின் அசைவை உள்ளபடி சொன்ன அந்த அடி, குற்றமுள்ள நெஞ்சில் போய்க் குறுகுறுத்தது. நிலவையும் தாமரையையும் இரவல் வாங்கிக் கோத்த பாட்டாக அது இருந்திருந்தால், திருடர்கள் தாலாட்டு என்று நினைத்து நிம்மதியாகத் தோண்டியிருப்பார்கள்.

11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் எழுதிய கதாசரித்சாகரத்தில் ஹரிசர்மன் என்றொருவன் வருகிறான். அவனும் அறிவற்றவன், அவனுக்கும் வாழ்வு வருகிறது. ஆனால் அவன் குதிரையைத் தானே ஒளித்துவைத்துவிட்டு, இருக்குமிடத்தைச் சோதிடத்தால் கண்டதாகச் சொல்லிப் பேர் வாங்குகிறான். பிறகு அரசன் அழைத்துக் களவைக் கண்டுபிடிக்கச் சொன்னதும் நடுங்குகிறான். அதிர்ஷ்டம் மட்டும் காப்பாற்றிய ஆள் வேண்டுமென்றால் எதிரணி அவனைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

நம் பையன் எங்கே நடுங்கினான்? நான் கேட்டு வளர்ந்த வடிவில், "திருடர் வருவது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ராஜா கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அரண்மனைச் சோதிடர் பதவியே கிடைத்திருக்கும். அவனோ, "எனக்குத் தெரியாதுங்க ராஜா, நான் பெருச்சாளியைத்தான் சொன்னேன்" என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் ராஜா பொற்கிழியை அவன் கையில் கொடுக்கிறார். நடுவர் அவர்களே, அந்தப் பதிலை மனத்தில் வைத்துத் தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.