ஓரத்துக் குதிரை

வணக்கம். வெள்ளவத்தையில் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் செஸ் விளையாடும் பிள்ளைகள், மீதிப்பேர் அவர்களைக் கூட்டிவந்த அம்மாமாரும் அப்பாமாரும். உங்களுக்கு நான் தோற்ற ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். அப்போது எனக்கு 13 வயது, பாடசாலைப் போட்டி, என்னிடம் கறுப்புக் காய்.

கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை. வெள்ளை சிப்பாயை ஈ4இல் வைத்தது, நான் ஈ5இல். இரண்டு பக்கமும் குதிரை இறங்கியது, அவர் பிஷப்பைச் சி4இல் வைத்தார், நான் மற்றக் குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தேன். இந்தத் தொடக்கத்துக்குப் பெயர் டூ நைட்ஸ் டிபென்ஸ். நாலாவது நகர்த்தலில் அவருடைய குதிரை ஜி5க்குப் பாய்ந்தது, பிஷப்பும் அதுவும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கின்றன, அதைக் காக்க என் ராஜாவை விட்டால் ஆளில்லை. டி5 தள்ளி பிஷப்பின் வழியை மறித்தேன், அவர் சிப்பாயால் வெட்டினார், நான் குதிரையால் திருப்பி வெட்டினேன். அவ்வளவுதான். அவர் குதிரையை எஃப்7இல் பலி கொடுத்தார், ராஜாவால் எடுத்தேன், ராணி எஃப்3இல் செக், டி5 குதிரையைக் காப்பாற்ற என் ராஜா ஈ6க்கு ஏறி நட்ட நடுவில் நின்றது.

எஞ்சினை, அதாவது ஆட்டத்தை ஆராயும் கணினி நிரலைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லும்: ஐந்தாவது நகர்த்தல் பிழை, திருப்பி வெட்டாமல், முதலில் இறக்கிய குதிரையை ஓரத்துக் கட்டமான ஏ5க்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். சரி. ஆனால் நான் ஏன் ஏ5ஐப் பார்க்கவே இல்லை? அதை நான்தான் தேட வேண்டியிருந்தது. குதிரையை ஓரத்தில் வைக்காதே என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நல்ல பாடம்தான், நடுவில் நிற்கும் குதிரைக்கு எட்டுக் கட்டம், ஏ5இல் நாலுதான். அந்த ஒரு வாக்கியத்தால் என் கண் அந்தப் பக்கமே போகவில்லை. ஏ5இல் குதிரை பிஷப்பைத் தாக்குகிறது, பிஷப் பி5இல் செக் கொடுத்தால் சி6 தள்ளி, ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து, மற்றக் காய்களை வேகமாக வெளியே எடுக்கலாம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை தோற்று வெளியே வந்ததும், கொழும்பின் காலி வீதியில் பஸ் ஏறும் முன்னரே போனைத் திறந்து பிழையைக் காட்டாதீர்கள். ஒரு கொப்பியில், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில், அந்த நேரம் என்ன நினைத்தேன் என்று எழுத விடுங்கள், பயந்துவிட்டேன் என்றாலும் அப்படியே எழுதட்டும். அப்புறம் எஞ்சின்.

கடைசி வரிசையில் ஒரு தம்பி நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டை மடித்துக் கையில் வைத்திருக்கிறார். வாங்கோ தம்பி, போர்டில் அடுக்குவோம்.