மௌ காப் மேட்டில் ஏறிய கொடி

நேயர்களுக்கு வணக்கம். எழுப்புதல், அதாவது மக்களிடையே விசுவாசம் புத்துயிர் பெறுவது, என்றதும் பெரிய பிரசங்கியார் ஒருவரைத்தான் பலரும் நினைக்கிறோம். இங்கிலாந்தின் பிரிமிடிவ் மெதடிஸ்த சபையோ, ஜெபிக்க நேரம் போதவில்லை என்ற குறையிலிருந்து பிறந்தது.

ஸ்டாஃபர்ட்ஷயரின் வடகோடியில் ஹாரிசிஹெட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். 1800க்குப் பிந்திய சில ஆண்டுகள், ஹியூ போர்ன் என்ற தச்சர் அங்கே ஜெபக்கூட்டம் நடத்திவந்தார். விடிந்தால் சுரங்கத்தில் இறங்க வேண்டியவர்கள் என்பதால் கூட்டத்தை நேரத்தோடு முடித்துவிடுவார்கள். ஜெபிக்க முறை கிடைக்காதவர்களுக்கு மனக்குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மௌ காப் மேட்டுக்குப் போய் நாள் முழுக்க ஜெபிக்கலாம், அப்போதாவது திருப்தி வரும் என்றார் போர்னின் உறவினர் டேனியல் ஷூபாதம். அமெரிக்காவின் திறந்தவெளிக் கூட்டங்களைப் பற்றி லோரென்சோ டவ் என்ற பிரசங்கியார் வந்து சொன்ன பிறகு அந்த எண்ணம் உறுதிப்பட்டது.

1807 மே 31. காலையில் வானிலை சரியில்லை. ஆறு மணிவாக்கில் மேகம் கலைந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இடம் தெரியும்படி மேட்டில் ஒரு கொடி ஏற்றியிருந்தார்கள். குளிர்காற்றைத் தடுக்க ஒரு சுவரோரம் ஒதுங்கித்தான் தொடங்கினார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். கூட்டம் பெருகியதும் ஒருவர் குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. அதனால் தள்ளி ஒரு மேடை, பக்கத்து வயலில் இன்னொன்று என்று நான்கு மேடைகள் போட்டார்கள். கூட்டம் இரவு எட்டரைக்குத்தான் கலைந்தது.

போர்ன் பிடிவாதமாகக் காத்த முறை ஒன்று உண்டு: பிரசங்கம் சுருக்கமாக இருக்க வேண்டும்; அது முடிந்ததும் மக்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து ஜெபிக்க வேண்டும். வெட்டவெளியில் பிரசங்கம் நீண்டால் ஓரத்தில் நிற்பவர்கள் நழுவிவிடுவார்கள். குழுவில் ஜெபிக்கிறவர் வேடிக்கை பார்க்க முடியாது. இந்த எழுப்புதலின் உயிரே அந்தக் குழுக்கள்தான் என்பேன்.

போர்ன் அப்போது ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்த சபையில் இருந்தார். அதே ஆண்டு லிவர்பூலில் கூடிய அதன் ஆளும் அமைப்பான வெஸ்லியன் மாநாடு, இப்படிப்பட்ட கூட்டங்கள் இங்கிலாந்துக்குப் பொருந்தாது, தீங்கு விளையும் என்று கைகழுவியது. பிரான்சோடு போர் நடந்த காலம்; ஏழைகள் பெருந்திரளாகக் கூடினாலே அதிகாரிகளுக்குச் சந்தேகம். ஆனாலும் 1739இல் பிரிஸ்டலில் வெளியில் நின்று பிரசங்கித்த ஜான் வெஸ்லியின் சபை இப்படி முடிவெடுத்தது வேதனைதான். 1808இல் போர்னை நீக்கினார்கள். 1810இல் மண்பாண்டத் தொழிலாளி வில்லியம் கிளவுஸையும் நீக்கினார்கள்.

இருவரின் ஆட்களும் 1811இல் இணைந்தார்கள். அந்த மே மாதம் அச்சான முதல் உறுப்பினர் சீட்டில் அவர்கள் போட்ட வசனம் அப்போஸ்தலர் 28:22. இந்தக் கூட்டத்துக்கு எங்கும் எதிர்ப்பேச்சு இருக்கிறது என்று சொல்லும் வசனம் அது! 1812 பிப்ரவரியில் பெயர் சூட்டினார்கள். 'பிரிமிடிவ்' என்றால் இங்கே ஆதி முறை, வெஸ்லி தொடங்கிய வழி.

வெஸ்லியன் மாநாடு 1803இல் பெண் பிரசங்கிகளைக் கட்டுப்படுத்தியிருந்தது. இவர்கள் சாரா கிர்க்லண்ட் போன்ற பெண்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். 1872இல் விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டிய ஜோசஃப் ஆர்ச், இந்தச் சபையின் பிரசங்கி. 1932இல் மெதடிஸ்த சபைகள் ஒன்றானபோது இதுவும் சேர்ந்தது.

மௌ காப் போகிறவர்கள் 1754இல் கட்டிய செயற்கை இடிபாட்டைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இங்கிள்சீ புரூக் சிற்றாலயத்துக்கும் போங்கள். இந்தச் சபையின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. போர்னின் கல்லறையும் அங்கேதான்.