வாங்கிக்கொள்ளும் கைகள்

அன்பான நேயர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால், இயேசு பிறந்த நாளான நத்தாருக்காக மட்டக்களப்பு நகரத்துக் கடைகளில் மினுங்கும் தாள்களும் ரிபன்களும் தொங்கத் தொடங்கிவிடும். அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும் சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் பரிசு கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். இத்தனை ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் சொல்லிவைப்பார்கள். அதைப் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. பொதியைப் பிரிக்கிற பிள்ளையின் சந்தோஷம் உண்மையான சந்தோஷம். ஆனால் கொடுத்ததும் வாங்கியதும் அங்கே சரிசமமாகக் கழிந்துபோகிறது. யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை. இயேசு பிறந்த பெத்லகேமில் நடந்தது அப்படிப்பட்ட காரியம் அல்ல.

கொடுப்பதைப் பற்றி நாங்கள் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். 'வாங்குகிறதைப் பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்' என்ற ஆண்டவருடைய வார்த்தையை, அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசு சபை மூப்பர்களுக்கு நினைவூட்டுகிறார். தன் கையால் உழைத்துப் பலவீனரைத் தாங்கவேண்டும் என்று சொல்லும் இடம் அது. வாங்குகிறவன் தாழ்ந்தவன் என்று அங்கே எழுதியில்லை. அதை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம்.

நத்தாரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தேவன் தம்முடைய குமாரனைத் தந்தார் என்கிறோம். சரி, அந்தக் குமாரன் எப்படி வந்தார்? எல்லாவற்றையும் மற்றவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டிய ஒரு குழந்தையாக. பாலுக்குத் தாய் வேண்டும், தூக்க ஆள் வேண்டும். சத்திரத்தில் இடமில்லாததால் படுக்க வைத்த முன்னணைகூட, அந்தத் தீவனத் தொட்டிகூட, யாரோ ஒருவருடையது. 'அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும் உங்கள் நிமித்தம் தரித்திரரானாரே' என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது எதற்காகத் தெரியுமா? எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்குக் காசு சேர்க்கிறபோதுதான். கொடுக்கச் சொல்லும்போதே, தேவன் ஏழையானதைச் சொல்கிறார்.

அப்புறம் குழந்தையைப் பணிந்துகொள்ளக் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள், அதாவது ஞானிகள், வந்தார்கள். அவர்கள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கைதான் மூன்று: பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். வேற்று நாட்டார், வேறு வழிபாட்டுக்காரர். அவர்கள் கையிலிருந்து வாங்கலாமா என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததாக எழுதப்படவில்லை. பதிலுக்கு எதையும் கொடுத்தனுப்பியதாகவும் இல்லை. அடுத்து வருகிற வசனங்களில், ஏரோது ராஜாவின் வாளுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடுகிறார்கள். அந்தப் பொன் வழிச்செலவுக்கு உதவியிருக்கும் என்று சொல்லும் போதகர்கள் உண்டு. வேதத்தில் அது இல்லை. ஆனால் காதிலும் கழுத்திலும் கிடந்ததை விற்று இடம்பெயர்ந்த எங்கள் சனத்துக்கு, அப்படி நினைக்கத் தோன்றும்தானே.

வளர்ந்த பிறகும் இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். பேதுருவுக்குத்தான் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. சீஷர்களின் கால்களை இயேசு கழுவ வந்தபோது, நீர் என் கால்களை ஒருக்காலும் கழுவக் கூடாது என்றான். அப்படியானால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று பதில் வந்தது.

2004ஆம் ஆண்டு நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லடியிலும் நாவலடியிலும் கடல் உள்ளே வந்தது. முதல் நாள் அயல் வீடுகளுக்குக் கேக்கும் பலகாரமும் அனுப்பியவர்கள், மறுநாள் மாற்று உடுப்பு இல்லாமல் நின்றார்கள். சோற்றுப் பார்சல் கொடுத்தவர் சைவரா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று யார் பார்த்தோம்? ஆனால் பிறகு வரிசைகளும் பதாகைகளும் கேமராக்களும் வந்தன. ஒரு வாளியை இருவர் பிடித்துக்கொண்டு படத்துக்குப் பார்க்கச் சொன்ன நேரத்தில், வாங்குவது எவ்வளவு பாரமானது என்று எங்கள் கரையோரச் சனம் அறிந்துகொண்டது.

அப்படி அறிந்த நாங்களே இன்றைக்கும், பள்ளிகளிலும் சபைகளிலும் நடக்கிற நத்தார் விழாவான ஒளிவிழா மேடைகளில் அதைச் செய்கிறோம். 'வறிய பிள்ளைகளுக்கு உதவி' என்று ஒலிவாங்கியில் பெயர் கூப்பிட்டு, கொப்பியையும் புத்தகப் பையையும் கொடுத்துப் படம் எடுக்கிறோம். எனக்கு இது மனதை அறுக்கிறது. லூக்கா 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுபோன பெற்றோர் கொடுக்க வந்த பலி ஒரு ஜோடி காட்டுப்புறா, அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு லேவியராகமம் அனுமதித்த பலி அது. அந்தக் குடும்பம் எங்கள் ஒளிவிழாவுக்கு வந்திருந்தால், மேடைக்குப் பெயர் கூப்பிடப்படுகிற வரிசையில்தான் நின்றிருக்கும்.

ஆகவே ஒளிவிழா ஒழுங்கு செய்கிற ஆசிரியர்களிடமும், சபைகளில் இருக்கிற சகோதர சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். கொடுக்கிற பொருளை முன்கூட்டியே பெற்றோர் கையில் சேர்த்துவிடுங்கள். படம் வேண்டாம். அந்தப் பிள்ளை உங்களுக்கு எதையாவது தர இடம் கொடுங்கள். ஒரு பாட்டைப் பாடட்டும், வேத வாசகத்தை வாசிக்கட்டும். நத்தார் நாடகத்தில் மேய்ப்பர் கூட்டத்தின் கடைசியில் நிறுத்தாமல், பொன் கொண்டு வருகிற சாஸ்திரியின் வேடத்தை இந்த முறை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

எல்லோருக்கும் நத்தார் வாழ்த்துகள். வணக்கம்.