மஸ்கட் கடைவீதியில் ஓடிய ரிசர்வ் வங்கி நோட்டு! ஓமனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய வீடியோ

[திரையில்: சிவப்பு நிறப் பத்து ரூபாய் நோட்டின் முன்பக்கமும் பின்பக்கமும்]

வணக்கம் நேயர்களே. திரையில் உள்ள இந்த நோட்டை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அசோகத் தூண் இருக்கிறது, பாய்மரக் கப்பல் இருக்கிறது, இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரும் இருக்கிறது. ஆனால் இதை அன்றைக்கு மதுரையில் ஒரு கடையில் நீட்டியிருந்தால் வாங்கியிருக்க மாட்டார்கள். இந்தியாவுக்கு வெளியே, வளைகுடா நாடுகளில் மட்டும் செல்லுவதற்காகவே ரிசர்வ் வங்கி 1959-இல் வெளியிட்ட ரூபாய் இது. அரபு மொழி பேசும் ஓமன் நாட்டின் தலைநகரான மஸ்கட்டில் 1970 வரை இந்த ரூபாய்தான் புழங்கியது.

ஓமனில் வெளிநாட்டுத் தொழிலாளியாக வாழ்வது எப்படிப்பட்டது, சட்டம் எங்கே மாறியிருக்கிறது, எங்கே இன்னும் மாறவில்லை என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம். ஏழு ஆண்டுகள் மஸ்கட்டின் ரூவி பகுதியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடைசிப் பகுதியைத் தவற விடாதீர்கள். அது உங்கள் பணத்தைப் பற்றியது.

பழைய வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1970 ஜூலை 23 அன்று காபூஸ் பின் சயீத் சுல்தானாகப் பொறுப்பேற்றபோது நாடு முழுவதற்கும் சுமார் பத்து கிலோமீட்டர் தார்ச்சாலையும் மூன்று பள்ளிகளும்தான் இருந்தன. இரவில் மஸ்கட் கோட்டை வாசல்களை மூடிவிடுவார்கள். அதன் பிறகு தெருவில் நடப்பவர் கையில் லாந்தர் விளக்கு பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. அங்கிருந்து தொடங்கிய நாடு இன்று ஆறுவழிச் சாலையும் விமான நிலையமும் ஓபரா அரங்கமுமாக நிற்கிறது என்றால், அதில் எண்ணெய்க்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு வெளியிலிருந்து வந்து உழைத்தவர்களுக்கும் உண்டு. மக்கள்தொகையில் பத்தில் நான்கு பேருக்கு மேல் வெளிநாட்டவர்.

இப்போது மறுபடியும் அந்த நோட்டுக்கு வருவோம். எனக்கு இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் சலிப்பதில்லை. வளைகுடாவில் அதற்கு முன்பும் இந்திய ரூபாய்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் 1950-களில் தங்கம் கடத்துகிறவர்கள் இந்தியாவிலிருந்து ரூபாயைக் கட்டுக்கட்டாக அங்கே கொண்டுபோய்த் தங்கம் வாங்கினார்கள். அந்த ரூபாய் வங்கிகள் வழியாக இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது அதற்கு ஈடாக அன்னியச் செலாவணியை இந்தியா கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டின் கையிருப்பு இப்படிக் கரைவதைத் தடுக்கத்தான், நிறத்தை மாற்றி, வரிசை எண்ணுக்கு முன்னால் 'இசட்' என்ற எழுத்தைச் சேர்த்துத் தனி நோட்டு அச்சிட்டார்கள். 1961-இல் குவைத்தும் 1965-இல் பஹ்ரைனும் தங்கள் சொந்த தினாருக்கு மாறின. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் கத்தாரும் துபாயும் விலகிக்கொண்டன. கடைசிவரை ரூபாயோடு நின்றது ஓமன்தான். 1970-இல் அந்த நாடு தனக்கென ரியாலை வெளியிட்டபோது 21 ரூபாய்க்கு ஒரு ரியால் என்று மாற்றிக் கொடுத்தார்கள். இன்று ஒரு ரியாலுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும்.

[திரையில்: 100 பைசா நோட்டு]

ரூபாய் போய்விட்டது, பைசா போகவில்லை. ஓமானிய ரியாலின் சில்லறைக்கு இன்றும் பெயர் பைசாதான். ஒரே ஒரு மாற்றம், ரியாலுக்கு நூறு அல்ல, ஆயிரம் பைசா. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் இங்கேதான் தடுமாறுவார்கள். விலைச்சீட்டில் 0.350 என்று இருக்கும். நாம் மனத்துக்குள் முப்பத்தைந்து பைசா என்று வாசித்துவிட்டு, அது எழுபது எண்பது ரூபாய் என்று கணக்குப் போடும்போது கையிலுள்ள தயிர் டப்பாவைத் திரும்ப வைத்துவிடுவோம். முதல் மாதத்தில் நானும் அப்படி எத்தனையோ பொருள்களைத் திரும்ப வைத்திருக்கிறேன். சம்பளம் ரியாலில் வரும்போது செலவையும் ரியாலிலேயே எண்ணப் பழகாதவர்களுக்கு அங்கே சாப்பிடவே மனம் வராது.

பணத்தைப் போலவே பேச்சிலும் நம் துணைக்கண்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாக்சியில் ஏறி 'சீதா' என்றால் நேராகப் போ என்று பொருள். இந்திச் சொல் அப்படியே அரபியில் குடியேறிவிட்டது. டாக்சி ஓட்டுவது ஓமானியர்களுக்கு மட்டுமே உரிய வேலை என்பதால், உங்களிடம் 'சீதாவா?' என்று கேட்பவர் நிச்சயமாக அந்த மண்ணின் மனிதர். மாலையில் 'கரக்' தேநீர்க் கடை முன்னால் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். ஹார்னைத் தட்டினால் கடைப் பையன் காகிதக் கோப்பைகளோடு ஓடி வருவான். திஷ்தாஷா என்ற வெள்ளை நீள அங்கி அணிந்த ஓமானியரும் காரில், கம்பெனி வேனில் வந்த நாமும் அதே வரிசையில், அதே ஏலக்காய் மணக்கும் பால் தேநீர். 'கரக்' என்பதும் கெட்டியான என்று பொருள்படும் 'கடக்' என்ற இந்திச் சொல்லிலிருந்து வந்ததுதான். குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள மாண்டவியிலிருந்து வணிகம் செய்யப் போன கிம்ஜி குடும்பம் 1870 முதல் மஸ்கட்டில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் கனக்சி கிம்ஜிக்கு 'ஷேக்' என்ற பட்டத்தையே சுல்தான் காபூஸ் வழங்கினார். ஓமானியர்கள் நம்மிடம் காட்டும் பழக்கமும் பொறுமையும் நேற்று வந்தவை அல்ல. ஏழு ஆண்டுகளில் தெருவில் என்னிடம் யாரும் கடிந்து பேசியதில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

ஆனால் நேயர்களே, தெருவில் கிடைக்கும் மரியாதை வேறு, அலுவலகக் கோப்பில் கிடைக்கும் உரிமை வேறு.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் 'என்ஓசி' என்ற மூன்றெழுத்தைச் சொல்வார்கள். ஆட்சேபணை இல்லை என்று பழைய முதலாளி எழுதிக் கொடுக்கும் ஒரு தாள். 2014 ஜூலையில் ஓமன் ஒரு விதியை மீண்டும் கடுமையாக்கியது: இந்தத் தாள் இல்லாமல் வேலையை விட்டவர், இரண்டு ஆண்டுகளுக்கு வேறு நிறுவனத்தின் விசாவில் ஓமனுக்குத் திரும்ப முடியாது. ஒப்பந்தம் ஒழுங்காக முடிந்திருந்தாலும் சரி, ஒரு புகார்கூட இல்லாதவராக இருந்தாலும் சரி.

2017-இல் எனக்கு வேறோர் இடத்தில் ஒன்றரை மடங்கு சம்பளத்தில் வேலை கிடைத்தது. ஒப்பந்தம் முடிய ஆறு வாரம் இருக்கும்போதே என்ஓசி கேட்டு எழுதிக் கொடுத்தேன். அங்கே வாரத்தின் முதல் வேலைநாள் ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறு காலையும் போய்க் கேட்பேன். என் கடிதம் மேசையில் ஒரு நீலக் கோப்புக்கு மேலேயே கிடக்கும், அதன் ஓரத்தில் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை. 'அடுத்த வாரம் வாருங்கள்' என்பார்கள். ஐந்தாவது ஞாயிறு சென்றபோது அந்தக் கறை இரண்டாகியிருந்தது. கையெழுத்து மட்டும் விழவில்லை. அந்தப் புதிய வேலை வேறொருவருக்குப் போனது. நான் ஊருக்குப் போய் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். தங்கையின் திருமணக் கடன் இருந்ததால் பழைய சம்பளத்துக்கே இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். ஒரு மனிதரின் உழைப்பை இப்படி இன்னொருவரின் மேசை இழுப்பறையில் பூட்டி வைக்க அனுமதித்த விதி அநியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அந்த விதி 2021 ஜனவரி 1 முதல் நீங்கியது. ஒப்பந்தக் காலம் முடிந்ததற்கோ வேலை முறைப்படி முடிவுக்கு வந்ததற்கோ சான்று இருந்தால், பழைய முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே புதிய நிறுவனத்துக்கு மாறலாம். ஊரில் உள்ள சில ஏஜென்ட்டுகள் இன்னும் 'என்ஓசி வாங்கித் தர இவ்வளவு' என்று பணம் கேட்பதாக நேயர்கள் சிலர் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் விட்டுவிட்டு ஓடுவது வேறு கதை. அதற்கு இந்தச் சலுகை பொருந்தாது.

2023 ஜூலையில் வந்த புதிய தொழிலாளர் சட்டம், வாரத்துக்கு 45 மணி நேரமாக இருந்த வேலையை 40 ஆகக் குறைத்திருக்கிறது. உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதமில்லாமல் முதலாளி உங்கள் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் 12.30 முதல் 3.30 வரை வெட்டவெளிக் கட்டுமான வேலை கூடாது என்ற தடையும் நடைமுறையில் இருக்கிறது. அந்த வெயிலில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கு அந்த மூன்று மணி நேரத்தின் அருமை தெரியும்.

இந்தச் சட்டத்தின் கூரைக்குள் வராதவர்கள் வீட்டு வேலை செய்யும் பெண்கள். அவர்களுக்குத் தனி விதிகள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இலங்கையிலிருந்து இந்த வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். மலையகத் தமிழ்ப் பெண்களும் அவர்களில் உண்டு. பூட்டிய வீட்டுக்குள் எட்டு மணி நேரத்தை எண்ணிப் பார்க்க எந்த ஆய்வாளரும் வருவதில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் அப்படிப் புறப்பட்டால், அவருடைய பாஸ்போர்ட்டின் பிரதியையும் விசாவின் பிரதியையும் முதலாளியின் முகவரியையும் ஊரில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

ஓமானியர்களுக்கு முதலிடம் என்ற கொள்கையால் ஆண்டுதோறும் சில வேலைகள் நமக்கு அடைபடுகின்றன. அதில் எனக்குக் கோபம் இல்லை. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் அந்நாட்டு இளைஞருக்குத் தன் ஊரில் முதல் உரிமை இருக்கத்தான் வேண்டும். வருமான வரியும் 2028 ஜனவரியில் வருகிறது. ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் ஈட்டுகிறவர்களுக்கு ஐந்து சதவீதம் என்பதால் நம்மில் பெரும்பாலோரை அது தொடாது.

[திரையில்: வேலை ஒப்பந்தத்தின் சம்பளப் பகுதி]

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன பணம். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, முன்பு முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதம், அதன் பிறகு ஒரு மாதம் என்று இருந்தது. புதிய சட்டத்தில் முதல் ஆண்டிலிருந்தே ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். ஆனால் அந்தச் 'சம்பளம்' என்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமே. மொத்தம் 300 ரியால் என்று ஏஜென்ட் சொல்வார்; ஒப்பந்தத்தில் அடிப்படை 180, மீதி 120 அலவன்ஸ் என்று பிரித்திருப்பார்கள். ஐந்து ஆண்டு கழித்து உங்கள் கைக்கு 1,500 ரியால் வராது, 900 ரியால்தான் வரும். அறுநூறு ரியால் அந்த ஒரு வரியில் மறைந்துபோகிறது, விமானம் ஏறுவதற்கு முன்பே.

வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு, உங்களுக்கு வந்திருக்கும் ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியைத் தேடிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று கீழே எழுதுங்கள்; நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இரண்டு எண்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுப் பதில் எழுதுகிறேன்.