தைக்கூடத்துக்கு ரயிலேறுவோம்: கார் இல்லாத குடும்பப் பயணத் திட்டம்

வணக்கம் மக்களே. தைக்குடம் பிரிட்ஜ் என்ற கேரள இசைக்குழுவுக்குப் பெயர் தந்த, கொச்சியில் இருக்கும் தைக்கூடத்தை நம் குமரி மாவட்டத்திலிருந்து குடும்பத்தோடு போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் காரோ வேனோ இல்லாமல் போக வேண்டும் என்று நான் சொன்னபோது, வீட்டில் ஒருவர்கூட அதைப் பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் ஒரு டெம்போ டிராவலர் வந்து நின்றால்தான் அது குடும்பப் பயணம் என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். ஆனால் வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால், இந்த ஒரு பயணத்துக்குக் கார்தான் இடைஞ்சல் என்பது தெரியும். அதைத்தான் இந்தக் காணொளியில் விளக்கப் போகிறேன்.

குழுவை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவிந்த் வசந்தாவும் சித்தார்த் மேனனும் 2013இல் தொடங்கிய குழு இது. மலையாளத் தொலைக்காட்சியான கப்பா டிவியின் ‘மியூசிக் மோஜோ’ நிகழ்ச்சி வழியாக இவர்கள் வெளியே தெரிந்தார்கள். 2018இல் வந்த ‘96’ படத்துக்கு இசையமைத்தவர் இதே கோவிந்த் வசந்தாதான் என்று சொன்ன பிறகே எங்கள் மைனி (அண்ணி) திட்டத்துக்குள் வந்தார். அப்பாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு வேறொரு செய்தி உதவியது. கோவிந்தின் தந்தை பீதாம்பரன் மேனனும் இதே மேடையில் நின்று பாடுகிறார் என்று காட்டியதும், “மகனோடு சேர்ந்து பாடுகிறாரா?” என்று கேட்டு, முழு நிகழ்ச்சியையும் உட்கார்ந்து பார்த்தார்.

தைக்கூடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கொச்சி நகரத்துக்குள் இருக்கும் ஒரு சாதாரணக் குடியிருப்புப் பகுதி அது. நினைவிடம், சிலை என்று எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். இசைக்கலைஞர்களின் வீடுகளைத் தேடி அலைவதும் முறையல்ல. பெயர் தந்த ஊரில் கால் வைத்து, கொஞ்சம் நடந்து, ஒரு சாயா குடித்துவிட்டு வருவதுதான் எங்கள் நோக்கம். ஆகவே பயணத்தின் சுவையை வழியில் இருக்கும் இடங்களிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நம் ரயில் பாதை மிகவும் தோதாக அமைந்திருக்கிறது.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்கள் கொச்சி என்றாலே எர்ணாகுளத்துக்குச் சீட்டெடுத்துப் பழகியவர்கள். இந்தப் பயணத்துக்கு எர்ணாகுளம் போகவே வேண்டாம். அதற்கு முன்னாலேயே திருப்பூணித்துறையில் இறங்கிவிடுங்கள். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர். 2024 மார்ச் மாதத்தில் கொச்சி மெட்ரோ இந்த ரயில் நிலையத்தின் அருகே வரை வந்துவிட்டது. திருப்பூணித்துறை முனையத்தில் ஏறினால், எஸ்.என். ஜங்ஷன், வடக்கேகோட்டை, பேட்டை ஆகியவற்றைக் கடந்து, அடுத்தது தைக்கூடம். நமக்குப் பிடித்த குழுவின் பெயரில் பாதி, மெட்ரோ நிலையத்தின் பலகையிலேயே எழுதியிருக்கும். குழந்தைகள் படம் எடுத்துக்கொள்ள அது போதும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரளத்தில் கொல்லத்துக்கு வடக்கே ரயில் பாதை ஆலப்புழை வழி, கோட்டயம் வழி என்று இரண்டாகப் பிரிகிறது. திருப்பூணித்துறை கோட்டயம் வழியில்தான் இருக்கிறது. ஆலப்புழை வழியாகச் செல்லும் வண்டியில் ஏறிவிட்டால் நேராக எர்ணாகுளம் சந்திப்பில்தான் போய் இறங்குவீர்கள். அங்கேயும் மெட்ரோ உண்டு என்றாலும், வந்த திசையிலேயே திரும்பிப் போக வேண்டியிருக்கும். கன்னியாகுமரியிலிருந்து பெங்களூரு செல்லும் ஐலண்ட் எக்ஸ்பிரஸும், நம் மாவட்டத்திலிருந்து அதிகாலையில் கிளம்பும் பரசுராம் எக்ஸ்பிரஸும் கோட்டயம் வழியாகச் செல்பவை. மேற்கே இருப்பவர்கள் இரணியலிலோ குழித்துறையிலோ ஏறிக்கொள்ளலாம். நாகர்கோவில் வரை வந்து ஏற வேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் தேர்வு ஐலண்ட் எக்ஸ்பிரஸ். காரணம் எங்கள் அம்மாச்சியின் முழங்கால். பரசுராம் உட்கார்ந்தே செல்லும் வண்டி. ஐலண்டில் படுக்கைப் பெட்டி இருப்பதால், நம் பயணம் பகல் நேரத்தில் என்றாலும், ஒரே தடுப்பில் இருக்கும் இருக்கைகளைக் குடும்பமே எடுத்துக்கொண்டால் கீழ்ப்படுக்கையில் அம்மாச்சி காலை நீட்டிப் படுக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்குப் படுக்கை வேண்டாம் என்றால், இந்தப் பெட்டியில் அரைக் கட்டணம்தான். வழிக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் எடுத்துச் செல்வோம். தோல் மெல்லிய பழம் அது. பையின் அடியில் போட்டால் கோட்டயம் வருவதற்குள் கூழாகிவிடும். சன்னலோரக் கொக்கியில் காம்பைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

மாலையில் போய்ச் சேர்ந்தால், தங்குவதற்குத் தைக்கூடத்துக்கு அடுத்த நிறுத்தமான வைற்றிலாவைப் பாருங்கள். மெட்ரோ நிலையம், பேருந்து நிலையம், படகுத்துறை மூன்றும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

மறுநாள் விடிந்ததும் நாங்கள் போகப்போவது சம்பக்கரை மீன் சந்தைக்கு. பேட்டைக்கும் தைக்கூடத்துக்கும் இடையில், மெட்ரோ கடந்து செல்லும் அதே கால்வாய்க் கரையில் இருக்கிறது. இந்தக் குழுவுக்கு மீனை வைத்தே ‘ஃபிஷ் ராக்’ என்று ஒரு பாட்டு இருப்பது ரசிகர்களுக்குத் தெரியும். குளச்சல்காரியான அம்மாச்சிக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை, “சாளையையும் அயிலையையும் வைத்து இவ்வளவு சத்தமா?” என்பதுதான் அவருடைய விமர்சனம். ஆனாலும் சந்தை என்றதும் முதலில் தயாரானவர் அவர்தான். அங்கே விலை எப்படி, ஐஸ் போட்ட மீனா, போடாத மீனா என்று பார்க்காமல் அவருக்கு உறக்கம் வராது. காலையில் எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. மெட்ரோ ஓடத் தொடங்குவதற்குக் காத்திருக்காமல் ஆட்டோவில் போய்விடலாம்.

பிறகு வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்த மின்கலப் படகுகள் கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டவை. நீர்மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவை மேடையிலிருந்து, படி ஏறாமல் அப்படியே படகுக்குள் நடந்து போகலாம் என்பதால் முழங்கால் வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். வைற்றிலாவிலிருந்து காக்கநாட்டுக்குப் போய்த் திரும்பினால் காயலைப் பார்த்ததாகிவிடும். ஃபோர்ட் கொச்சிக்குப் போக வேண்டுமானால் உயர் நீதிமன்றப் படகுத்துறைக்குப் போக வேண்டும்.

திருப்பூணித்துறை ஹில் பேலஸைப் பற்றி வீட்டில் இன்னும் வாதம் நடக்கிறது. தக்கலையில் பத்மநாபபுரம் அரண்மனையை வைத்துக்கொண்டு இன்னோர் அரண்மனைக்குச் சீட்டு வாங்குவானேன் என்கிறார் அப்பா. என்னைக் கேட்டால், கொச்சி அரச குடும்பத்தின் மாளிகை வேறு, திருவிதாங்கூர் மரவேலைப்பாடு வேறு. இரண்டையும் பார்த்தவருக்குத்தான் அந்த வேறுபாடு தெரியும். திங்கட்கிழமை அது திறந்திருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

திரும்புவதற்குப் பிற்பகலில் வரும் பரசுராம் நல்லது. இரவுக்குள் வீடு வந்துவிடலாம். அதில் பிள்ளைக்கும் இருக்கை உண்டென்பதால் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைகளை ஒட்டிப் போகிறவர்கள், போகும் சீட்டை எடுத்த கையோடு திரும்பும் நாளுக்கும் நாட்காட்டியில் குறித்து வைத்து, திறந்த அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள்.